ஈரமண் பறக்காது

1

அயர்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் சிறு நகரத்துப் பள்ளியில், என் மகள் யாழினி படிக்கும் இரண்டாம் வகுப்பின் சுவரில் நான்கு படங்கள் ஒட்டியிருக்கிறார்கள். வெயில், மேகம், மழை, இடி. காலையில் வரும் ஒவ்வொரு குழந்தையும் தன் பெயர் எழுதிய துணிக் கிளிப்பை எடுத்து அன்றைய மனநிலைக்கேற்ற படத்தில் மாட்ட வேண்டும். வெயில் என்றால் மகிழ்ச்சி, மேகம் என்றால் கவலை, மழை என்றால் வருத்தம், இடி என்றால் கோபம். இடியில் மாட்டியவர்களை ஆசிரியை மிஸ் கெல்லி மூலையில் கிடக்கும் மெத்தைக்கு அழைத்துப் போவார். வயிற்றுக்குள் ஒரு பலூன் இருப்பதாக நினைத்துக்கொண்டு பத்து முறை மூச்சை இழுத்து விட வேண்டும். எட்டு வயதுக்குள் கோபத்தை இப்படிக் கையாளப் பழகிவிட்டால் பிற்காலத்துக்கு நல்லது என்கிறார்கள். நாற்பத்தாறு வயதுக்காரர்களுக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் சொல்லவில்லை.

பெற்றோருக்கும் இதற்கென்று போன வருடம் ஒரு மாலை வகுப்பு நடந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இலவசமாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் எழுதிக்கொள்ளாமல் விடுகிற ஊரிலிருந்து நான் வரவில்லை. ‘பிள்ளை கொந்தளிக்கும்போது நீங்கள் அமைதியாக இருங்கள், பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் பழகுகிறது’ என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டேன். பேனா மை தாளின் மறுபக்கத்திலும் தெரிகிற அளவுக்கு.

சுவர்ப் படங்களில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை மட்டும் இருந்தது. போன நவம்பரில் எங்கள் ஊர் உத்திரமேரூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிவதைச் செய்தியில் காட்டினார்கள். நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்த யாழினி மறுநாள் தன் கிளிப்பை மழையில் மாட்டியிருக்கிறாள். மிஸ் கெல்லி அவளைத் தனியாக அழைத்து, வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்திருக்கிறார். ஏரி நிரம்பிவிட்டது என்று இவள் சொன்னதும் அவர் முகம் இன்னும் வாடிவிட்டதாம். வெள்ளத்தில் உறவினர்கள் பத்திரமா என்று கேட்டு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

யாழினி என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ழகரம் இருந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வைத்த பெயர். மிஸ் கெல்லி ‘யாஸ்லினி’ என்கிறார். உத்திரமேரூரில் என் அண்ணி ‘யாயினி’ என்கிறாள். இரண்டு கண்டங்களிலும் சமமாகத் தோற்றிருக்கிறேன்.

2

போன மாதம் நடந்தது இது. லியம் என்று ஒரு பையன். காலையில் எல்லோரும் மாட்டி முடித்த பிறகு, யாழினியின் கிளிப்பை வெயிலிலிருந்து கழற்றி இடியில் மாட்டிவிடுவான். மிஸ் கெல்லி சுவரைப் பார்த்துவிட்டு இவளை மெத்தைக்கு அழைத்துப் போவார்.

“எனக்குக் கோபமே இல்லை” என்பாள் இவள்.

“கோபப்படுவது தப்பே இல்லை, கண்ணே. மூச்சை இழு” என்பார் அவர்.

மூன்று நாள் இப்படிக் கோபமே இல்லாமல் மூச்சுவிட்டிருக்கிறாள். நான்காம் நாள் லியம் தாமதமாக வந்ததால் கிளிப் இடம் மாறவில்லை. அன்றைக்குச் சுவரின்படி அவள் வெயில். மதிய இடைவேளையில் அவன் பக்கத்தில் வந்து, “நாளைக்கு மறுபடியும் நீ இடிதான்” என்று சொல்லியிருக்கிறான். இவள் நேராகப் பள்ளிக் காய்கறித் தோட்டத்துக்குப் போய், குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன் மேல் தூற்றிவிட்டாள். தூற்றும்போது தமிழில் ஏதோ சொல்லவும் செய்தாள்.

ஈரமண் பறக்காது. எங்கள் ஊரில் கோடையில் மண்ணை வாரித் தூற்றினால் அது புகைபோல எழும்பும். யார் மேலும் பட வேண்டும் என்றுகூட இல்லை. அயர்லாந்து மண் கட்டியாகப் போய் லியமின் மார்பில் சப்பென்று ஒட்டிக்கொண்டது. ஆகவே பள்ளி அதைத் ‘தாக்குதல்’ என்று பதிவு செய்தது. சாபம் என்று ஒரு பிரிவு படிவத்தில் இல்லை.

அந்தப் படிவம் எனக்கு வந்தது. நான்கு பக்கம். ‘இதுபோன்ற நடத்தையைக் குழந்தை வீட்டில் பார்த்திருக்கிறாளா?’ என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். நான் சட்டம் தெரிந்தவள்போல யோசித்தேன். கேள்வி வீட்டைப் பற்றியது; அவள் பார்த்தது தெருவில். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

மறுநாள் நேரில் வரச் சொன்னார்கள். மிஸ் கெல்லி அன்பே உருவானவர், அதுதான் சங்கடம். யாழினி சொன்னதைக் காதால் கேட்டபடி ஆங்கில எழுத்தில் குறித்து வைத்திருந்தார். காகிதத்தைப் பார்த்து மெதுவாக வாசித்தார்:

“உன் காய் காலூ வெலங்காமா பூடும். இதற்கு என்ன பொருள்?”

வீட்டில் நான் தலைகீழாக நின்றாலும் ஆங்கிலம் கலக்காமல் ஒரு முழு வாக்கியம் பேசாத பெண். அவள் வாயிலிருந்து இலக்கண சுத்தமான உத்திரமேரூர்த் தமிழ் வந்திருக்கிறது. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

“‘எனக்கு உன் மேல் மிகவும் கோபமாக இருக்கிறது’ என்று பொருள்” என்றேன்.

மிஸ் கெல்லியின் முகம் மலர்ந்தது. “அப்படியானால் அவள் தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லியிருக்கிறாள்! அதுவும் தாய்மொழியில்!” மண்ணை எறிந்ததற்கு எச்சரிக்கை, பெயர் சொன்னதற்கு ஒரு தங்க நட்சத்திரம் என்று முடிவாயிற்று. நட்சத்திரம் யாழினியின் நோட்டில் ஒட்டப்பட்டது.

3

அவள் அதைப் பார்த்தது என்னிடம்தான். இதை முன்னாலேயே ஊகித்திருப்பீர்கள்.

அம்மா இறந்தபோது நான் விமானத்தில் இருந்தேன். உத்திரமேரூர் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்து ஆறு மணி நேரமாகியிருந்தது. ஐஸ் பெட்டி வாடகைக்குப் பஸ் நிலையத்துக்குப் பின்னாலேயே கிடைக்கும், அண்ணன் எடுக்கவில்லை. கேட்டபோது அண்ணிதான் பதில் சொன்னாள்: “அத்தைக்குக் குளிரே ஆவாதுன்னு ஒனக்குத் தெரியாதா? அதப் போயி பொட்டியில படுக்க வெக்கச் சொல்றியே.” வருடத்தில் பத்து மாதம் கம்பளிக்குள் வாழ்கிற எனக்குக் குளிரைப் பற்றி வகுப்பு.

காரியம் முடிந்ததும் திரும்பி வந்தேன். அலுவலகத்தில் துக்க விடுமுறையும் ‘இழப்பை எதிர்கொள்வது எப்படி’ என்று ஒரு வழவழப்பான கையேடும் கொடுத்தார்கள். எப்படி இருக்கிறாய் என்றார்கள். நன்றாக இருக்கிறேன் என்றேன். ஒரு வருடம் நன்றாகவே இருந்தேன்.

போன கோடை விடுமுறையில் முதல் வருஷப் படையலுக்கு யாழினியுடன் போனேன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. போன அன்றே, புதிதாகக் கற்றதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அண்ணிக்குக் குழந்தை வளர்ப்பு சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு ஆறு வயதில் ஒரு பையன்.

“அவன் அடம்புடிச்சா அடிக்காதீங்க அண்ணி. ‘உனக்கு இப்ப கோவமா, வருத்தமா?’ன்னு கேளுங்க. உணர்ச்சிக்குப் பேர் சொல்லப் பழகணும்.”

“பேரு இன்னாத்துக்கு?” என்றாள் அண்ணி, அரிசி களைந்துகொண்டே. “அவன் இன்னாத்துக்கு அழுவறான்னு எனக்குத் தெரியாதா? உங்க ஊர்ல பெத்தவளுக்கே அடையாளம் தெரியாதா?”

மறுநாள் காலை தெருமுனையில் பேனரைப் பார்த்தேன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அம்மாவுக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி, மேலே நான்கு புறாக்கள். அம்மா வாழ்நாளில் நீர்வீழ்ச்சி பார்த்ததில்லை. கீழே ‘கண்ணீருடன்’ என்று போட்டு, மகன், மருமகள், பேரன். அதற்கும் கீழே அண்ணனின் நண்பர்கள் ஒன்பது பேர், ஆளுக்கொரு படத்துடன். ஒருவன் கூலிங் கிளாஸ் அணிந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். நான் இரண்டு முறை மேலிருந்து கீழாகப் படித்தேன். மகள் செல்வி என்று ஒருத்தி இல்லை.

அண்ணன் பந்தல்காரனுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தான். தெருவில் முப்பது பேராவது இருப்பார்கள்.

“எம்பேரு எங்கண்ணா?”

“எதுல?”

“பேனர்ல.”

நிமிர்ந்து பார்த்தான். “இல்லியா? ஃப்ளெக்ஸ்காரன் உட்டுட்டிருப்பான். நான் லிஸ்ட்டு குடுத்தேனே.”

“கூலிங் கிளாஸ் போட்டுக்கினு ஒருத்தன் கீறானே, அவன மட்டும் உடலியே.”

“அவன்தான் செல்வி, ஃப்ளெக்ஸ்காரன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பதிலுக்கு யாராக இருந்தாலும் சிரிப்பு வரும். இப்போது எழுதும்போது எனக்கே வருகிறது. அன்று வரவில்லை. குனிந்தேன். இரண்டு கையும் நிறைய மண்.

“பெத்த பொண்ணு இல்லன்னே ஆக்கிட்டியே! நீ நல்லா இருப்பியா? உன் கை காலு வெளங்காம பூடும்டா!”

முதுகலைப் பட்டம் பெற்ற, மாலை வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்த, அண்ணனை ஒருநாளும் ‘டா’ போட்டுப் பேசாத நான். பாதி மண் அவன் தலையில் விழுந்தது. காற்று மாறி வீசியதில் மீதி பேனருக்குப் போய், அம்மாவின் முகத்தில் படிந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். யாழினி கையில் வடையோடு எனக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

படையலுக்கு நான் உட்காரவில்லை. அன்று மாலையே செங்கல்பட்டு பஸ் ஏறினோம். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறினேன். அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; நாகரிகமான முறை.

4

தங்க நட்சத்திரம் வாங்கிய இரண்டாம் நாள், லியம் தன் வீட்டுத் தோட்டத்தில் ட்ராம்போலினில் குதித்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான்.

எனக்கு இது தெரியாது. பத்து நாள் கழித்துத் தெரிந்தபோதும் பாவம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். தெரிந்ததே மிஸ் கெல்லி அனுப்பிய பாராட்டுக் குறிப்பில்தான். யாழினி தினமும் தவறாமல் வெயிலில் மாட்டுகிறாளாம். யாரோடும் சண்டையில்லை, குரல் உயர்த்துவதில்லை, தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளக் கற்றுவிட்டாளாம். ஒரே ஒரு விஷயம்: வகுப்பில் எல்லோரும் லியமின் மாவுக்கட்டில் பெயர் எழுதினார்களாம், அவள் மட்டும் மறுத்துவிட்டாளாம். கூச்சமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். அந்தக் குறிப்பைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

அவள் கையுறை போட்டுக்கொண்டே திரிந்ததையும் நான் கவனிக்கவில்லை. குளிர்காலத்தில் கையுறை போட்ட பிள்ளையை யார் கவனிப்பார்கள்? ஒரு வெள்ளிக்கிழமை மாலை கையுறையோடு தயிர்சாதம் சாப்பிட உட்கார்ந்தாள். கழற்று என்றேன். மாட்டேன் என்றாள். நானே ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வீறிட்டு அலறினாள். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

“டோன்ட்! தொடாத அம்மா, உனக்கும் உடைஞ்சிடும்!”

அவளைப் பேச வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. லியமின் கையை உடைத்தது தான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக. எந்த முகத்தோடு? வெயில் முகத்தோடு. கோபம் வந்தால் யாருக்காவது கை போய்விடும் என்று பயந்து, வந்த கோபத்தையெல்லாம் பலூனுக்குள் ஊதி அடைத்து வைத்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் கைதட்டியிருக்கிறோம்.

அது தற்செயல் என்றேன். அந்தச் சொல் அவளுக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். மண்ணை எறிந்தால் எலும்பு உடையாது, சொல்லுக்கு அப்படியெல்லாம் சக்தி கிடையாது என்றேன். என் கணவர் பொறியாளர். அவர் பங்குக்கு ஒரு தாளில் கோடு போட்டு நிகழ்தகவை விளக்கினார். அவள் கையுறையோடு பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“அது வேலை செய்யாதுன்னா, நீ ஏன் மாமாவுக்குச் சொன்ன?”

கோபத்தில் என்றேன்.

“நானும் கோபத்துலதான் சொன்னேன். மாமாவுக்குக் கை கால் எல்லாம் உடைஞ்சிடுச்சா?”

“சேச்சே, இல்லை.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது. ஏழு மாதமாக அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது. மாலை வகுப்புக் குறிப்புகள் முப்பது பக்கம் இருக்கின்றன. இதற்கு அதில் ஒன்றும் இல்லை.

5

சனிக்கிழமை காலை, அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம் பார்த்து, வீடியோ அழைப்பு போட்டேன். இரண்டு முறை மணியடித்து நின்றது. மூன்றாம் முறை அண்ணியின் முகம் வந்தது.

“யாரு? ஓ, நீயா? இன்னா, அங்க மண்ணு தீந்துபூச்சா?”

வாங்கிக்கொண்டேன். “அண்ணன் இல்லியா அண்ணி?”

“இல்லாம எங்க பூடுவாரு? எங்கயும் போவ முடியாமதான...”

“குடு இங்க” என்று அண்ணன் குரல். திரை ஆடி நின்றது. தாடி நரைத்திருந்தது. யார் முதலில் பேசுவது என்று காத்திருப்பதில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் என் தோளுக்குப் பக்கத்தில் கையுறை போட்ட இரண்டு கைகள் மேசையைப் பிடித்திருந்தன.

“அண்ணா, இவ பள்ளிக்கூடத்துல ஒரு பையன் மேல மண்ண வாரிப் போட்டுட்டா. நான் அன்னிக்குச் சொன்னேன்ல, அதயே சொல்லி. ரெண்டு நாள்ல அந்தப் பையன் எங்கியோ உயுந்து கைய ஒடச்சிக்கினான். தன்னாலதான்னு... பத்துப் பதினஞ்சி நாளா...” போனை அவள் பக்கம் சாய்த்தேன். “உன்னப் பாக்கணுங்கறா.”

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

“மாமா, கையைக் காட்டுங்க.”

“கையா? இந்தா.” இரண்டு கையையும் விரித்தான். திருப்பினான். பத்து விரலையும் ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுத்தான். “போதுமா கண்ணு?”

“கால்?”

பின்னால் அண்ணி, “ஏங்க...” என்று ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு” என்றான் அண்ணன். “காலு தான? காட்டிட்டா போச்சு. தோ பாரு.”

போன் கீழே போயிற்று. லுங்கிக்குக் கீழே ஒரு கால். கட்டை விரல் நகம் கறுத்திருந்தது. பாதத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினான். பிறகு அவன் முகம் வந்தது.

“இன்னொண்ணும் பாக்கணுமா? இரு, அதுக்கு வெக்கமா கீதாம். ஏய், வா வெளிய, யாயினி கூப்புடுது பாரு.”

யாழினி லேசாகச் சிரித்தாள். போன் மறுபடி கீழே போயிற்று. ஒரு கால். கட்டை விரல் நகம் கறுத்திருந்தது.

“பாத்தியா? ரெண்டும் கல்லு மாதிரி கீது.”

“வெளங்குதா மாமா?”

“சூப்பரா வெளங்குது. உங்கம்மா போட்ட மண்ணுல எனக்கு ரெண்டு தும்மல்தான் வந்துச்சு. அதுக்கு ஒரு மாத்திர போட்டேன், பூடுச்சி. நீ போட்டது அதவிடச் சின்னக் கை. அதுல எங்கருந்து எலும்பு ஒடையும்?”

நான் சொன்ன அறிவியலையும் அவள் அப்பா போட்ட கோட்டையும் விட இந்தத் தும்மல் அவளுக்கு நம்பத் தகுந்ததாக இருந்தது. வலது கையுறையைக் கழற்றினாள். பிறகு இடது. மாமாவுக்கு வெறுங்கையால் டாட்டா காட்டிவிட்டு அப்பாவைத் தேடி ஓடிவிட்டாள்.

கதவு மூடியதும் கேட்டேன். “எந்தக் காலு?”

“எது?”

“ஒரே கால ரெண்டு வாட்டி காட்டின.”

அண்ணன் தாடியைச் சொறிந்தான். “இடது. நாலு மாசமாவுது. ஏரிக்கர மேல வண்டில வந்துக்கினு இருந்தேன். எரும குறுக்க வந்துச்சு. உள்ள கம்பி வெச்சிருக்கான்.”

“ஏண்ணா சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? நீ உட்டது பலிச்சிடுச்சி, வந்து பாத்துட்டுப் போன்னா?” கோபமாகச் சொல்லவில்லை. “உங்கண்ணி ஊரு பூரா அப்டித்தான் சொல்லிக்கினு கீறா. நான் நம்பல.”

“நான் நம்பறேன்!” என்று அண்ணியின் குரல் வந்தது.

“அவ கெடக்கறா. எனக்கு அவளப் பத்தி இல்ல செல்வி. நீ கேள்விப்பட்டா நம்பிடுவ. நம்பிட்டு, அந்த ஊர்ல தனியா ஒக்காந்துக்கினு பேஜார் புடிச்சி அழுவ. சின்னதுல இருந்தே நீ அப்டிதான்.”

நான் ஏழு மாதமாக அவன் மேல் வளர்த்து வைத்திருந்த வழக்கில் எவ்வளவோ வாதங்கள் இருந்தன. ஒன்றுகூட எழும்பவில்லை. அந்தக் காலைக் காட்டு என்றேன். வேணாம் என்றான். காட்டுண்ணா என்றேன். போனை அண்ணியிடம் கொடுத்தான். அவள் நெருக்கிப் பிடித்தாள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தையல் ஓடியிருந்தது. மற்ற காலைவிடச் சூம்பியிருந்தது. அழுதேன். அண்ணி போனை அசைக்காமல், நான் முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நட கொஞ்சம் சாஞ்சிக்கினு வருது, அவ்ளோதான்” என்றான் அண்ணன், திரைக்கு வெளியிலிருந்து. “கொழந்தைக்குத் தெரிய வேணாம்.”

6

திங்கட்கிழமை யாழினி லியமின் மாவுக்கட்டில், கிடைத்த இடுக்கில், தன் பெயரை எழுதிவிட்டு வந்தாள். கட்டு பிரிக்க நான்கு நாள்தான் பாக்கியாம். அன்றே அவனோடு ஏதோ ஒரு பென்சிலுக்குச் சண்டையும் போட்டிருக்கிறாள். நல்ல சண்டை என்று தெரிகிறது; மிஸ் கெல்லி கவலையோடு தொலைபேசியில் அழைத்தார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

அண்ணனின் கால் விஷயம் இங்கே எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும். இதைத் தமிழில் எழுதுவதற்குத் துணிச்சல் வந்ததற்குக் காரணம், என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதுதான். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டு வாங்கிய அரிச்சுவடி இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்தது. போன வாரம், மாமாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அவளே அதை எடுத்துவந்து உட்கார்ந்துவிட்டாள். ககர வரிசை முடிந்திருக்கிறது.

ஒரு பக்கம் முழுதாக வாசிக்க இன்னும் இரண்டு வருடமாவது ஆகும் என்று கணக்குப் போடுகிறேன். அதற்குள் அண்ணன் சாயாமல் நடந்துவிட வேண்டும்.